ஒளுவில் அடங்காத கோபம்

போன வாரம் எங்கள் தெருத் தொழுகைக்கூடமான சூராவில் பல்கீசு லாத்தாவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசிய நான்கு பேரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். நாலு பேருமே அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள், அவள் வாயால் ஏச்சும் வாங்கியவர்கள். பொறுமைசாலியாம்! முப்பத்து நாலு வருஷம் ஈப்போவில் குடியிருந்து, குனோங் ராபாட்டில் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி பேசியவளை, அடக்கம் பண்ணிய பத்தாம் நாளே ஊமையாக்கிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது. நாலாவதாகப் பேசியவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் லாத்தா யார் என்று தெரிய வேண்டும்.

லாத்தா என்றால் எங்கள் வழக்கத்தில் அக்கா. எனக்கும் அவளுக்கும் ரத்த உறவு இல்லை, ஒட்டின வீடு. அவள் பிறந்தது கோலா கங்சாரில். பதினேழு வயதில் காதர் மைதீனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் ரொட்டிக்காரர். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். பின்னால் தகரப் பெட்டி, பெட்டி நிறைய ரொட்டி, கையில் ஊதுகுழல். காலையில் தோட்டங்களுக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னாலேயே சுண்ணாம்புக் குன்று. அங்கே வெடி வைத்தால் அலமாரியில் தட்டு ஆடும். காயப்போட்ட துணியில் வெள்ளைத் தூள் படியும். லாத்தா வாசலில் நின்று குன்றையும் சேர்த்துத்தான் திட்டுவாள்.

அவளுக்குக் கோபம் அப்படி வரும். பாசாரில் மீன்காரன் ஒரு கிழவியிடம் கெட்டுப்போன மீனைத் தள்ளிவிட்டால், தனக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். மார்க்கப்படி கோபம் ஷைத்தானிடமிருந்து வருவது, அவன் நெருப்பு, தண்ணீர் பட்டால் அணையும். அதனால் கோபம் வந்தால் முதலில் உட்காருவாள். அப்போதும் போகவில்லை என்றால் குழாயடிக்குப் போய் ஒளு செய்வாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று முறைப்படி கழுவி முடிக்கும்போது பெரும்பாலும் சிரித்துவிடுவாள். "தொழுகைக்கு அஞ்சு ஒளுன்னா எம்பொண்டாட்டிக்குக் கோபத்துக்கு ஆறு" என்பார் காதர் மைதீன் நானா. திட்டியவரிடம் பொழுது சாய்வதற்குள் போய் மன்னிப்பும் கேட்டுவிடுவாள். நாங்கள் எல்லாரும் வருஷத்தில் ஒரு நாள், நோன்புப் பெருநாள் அன்று, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிற ஆட்கள். அவளுக்கு அதுவரை காத்திருக்கத் தெரியாது.

மீன்காரனிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். "மீன் கெட்டதுதான்டா, அதுல மாத்தமில்ல. உங்கம்மாவை இழுத்தேன் பாரு, அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள். அவன் பயந்துபோய் ஒரு கிலோ கெம்போங் மீனைக் கொடுத்தான். அதை வாங்க மாட்டேன் என்று அங்கேயே இன்னொரு சண்டை.

மையித்துக் குளிப்பாட்ட, அதாவது இறந்த பெண்களின் உடலைக் கழுவிவிட, அவளை யாரும் நியமிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து இரண்டில் காசநோயில் செத்த ஒரு பெண்ணைத் தொட ஆள் இல்லை. பெண்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எங்கள் ஜமாத்தில் எந்தப் பெண் மௌத்தானாலும் ஆள் அவள் வீட்டுக்குத்தான் வரும். எழுபதில் என் உம்மா போனபோது என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பிறகு எல்லா வீட்டுக்கும் நான்தான் அவளுக்குத் துணை.

குளிப்பாட்டுவது பார்த்துச் செய்கிற வேலை இல்லை. மையித்தின் மேல் துணி போட்டிருக்கும். துணிக்கு அடியில் கைவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஆனாலும் தெரியும். புரட்டும்போது துணி விலகும், ஈரத்துணி ஒட்டும், கைக்கும் தட்டுப்படும். அங்கே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. இறந்தவரின் குறையை மறைத்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பை வைத்திருக்கிறான். லாத்தா இதற்குத் தானாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கபன் துணி கட்டி முடித்ததும் குழாயடிக்குப் போய், "கண்ணைக் கழுவு, ஜெய்த்தூன்" என்பாள். இருவரும் மூன்று தடவை கண்ணில் தண்ணீர் அடிப்போம். பார்த்தது அங்கேயே போய்விட வேண்டும். எத்தனையோ பெண்களின் உடம்பு அப்படி என் கண்ணைவிட்டுப் போயிருக்கிறது. ஒன்று மட்டும் போகவில்லை.

எழுபத்து ஐந்தில் ரொகையா இறந்தாள். முப்பத்து நாலு வயது, பிள்ளை இல்லை. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹாஜி அப்துல் வதூதின் மனைவி. ஹாஜியார் எங்கள் ஜமாத்துக்குச் செயலாளர், அப்போதும் இப்போதும். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தெருவில் சின்னப் பிள்ளைக்கும் அவர்தான் முதலில் ஸலாம் சொல்வார். நற்குணம் என்றால் மெல்லப் பேசுவதுதான் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அந்தக் கணக்கில் அவர் முதல் ஆள், லாத்தா கடைசி. என் வீட்டுக்காரர் சுல்தான் அவர் கடையில்தான் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். டாக்டர் கடிதமும் அப்படித்தான் இருந்தது. காய்ச்சல்தான் கொண்டுபோயிருக்கும், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் முதுகு. இடப்பக்கமாகப் புரட்டியபோது துணி நழுவியது. தோளிலிருந்து இடுப்பு வரை இடுப்புவாரின் தடம். சில வெளுத்துப் பழசாகிப் போனவை, சில இன்னும் நீலம் மாறாதவை. வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்து, கட்டுப் போடாமல் தானாகக் கூடி, கோணிக் கிடந்தது. நான் குவளையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். லாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஊத்து" என்றாள்.

ஊற்றினேன். அவள் அந்தத் தடங்களின் மேல் கைக்குழந்தையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். கற்பூரத் தண்ணீரை மற்ற இடத்தைவிட அங்கே அதிகம் விட்டாள். முடியை மூன்று பின்னலாகப் பின்னினாள். எல்லாம் முடிந்ததும் குழாயடிக்குப் போய், "கண்ணைக் கழுவு, ஜெய்த்தூன்" என்றாள். கழுவினேன். அவளும் கழுவினாள்.

வெளியே ஹாஜியார் அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. "லாத்தா, என் ரொகையாவை நல்லபடியா அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். அன்று மத்தியானம் அவள் வீட்டுக் குழாய் மூன்று தடவை திறந்து மூடுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குள்ளும் பேசவில்லை. ஹாஜியார் தினமும் கடை திறந்தார், வெள்ளிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் ஸலாம் சொன்னால் நானும் பதில் சொன்னேன். நாலு பேர் நடுவில் நல்லவராகவே இரண்டு வருஷம் ஓட்டினார்.

எழுபத்து ஏழில் ஒரு நாள் லாத்தா வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. இறங்கியவர் காசிம், சுங்கை சிப்புட் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். லயத்து வீடுகளில் பாதி காலி. அவர் மகள் உம்மு ஹபீபாவுக்குப் பத்தொன்பது வயது. சூராவில் தொழவைக்கிற எங்கள் லெப்பைதான் ஹாஜியாருக்குப் பேசி முடித்திருந்தார். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி இரண்டு இடத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். காசிம் அதற்காக வந்திருந்தார். நான் அங்கே நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"லாத்தா, ஹாஜியாரோட மொத சம்சாரம் மையித்தை நீங்கதான் குளிப்பாட்டுனீங்களாம்லா. அந்த வீட்டுக்குள்ள போய்ப் பழகினவங்க. எம்புள்ளையக் கொடுக்கலாமா, சொல்லுங்க" என்றார் காசிம்.

லாத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தம்மாவை நல்லபடியா அடக்கம் பண்ணினாருப்பா. அல்லாஹ் நல்லதாக்கட்டும்" என்றாள்.

காசிம் முகம் மலர்ந்து போனார். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பொய்க்கே பயப்படுகிற ஒருத்தி, உண்மையை மட்டும் வைத்து ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளினாள். குளிப்பாட்டும் பலகைமேல் கிடந்தவளுக்கு உரிய மறைப்பை எடுத்து, உயிரோடு திரிகிற ஆளுக்குப் போர்த்திவிட்டாள். மையித்துக் குளிப்பாட்டுகிற எங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய வராது. நான் மட்டும் என்ன? பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லாத்தா வீட்டுக்கு நல்லம்மாள் வந்தாள். தோட்டத்திலிருந்து வந்து எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தவள், ஹாஜியார் வீட்டில் பத்து வருஷமாகத் துணி துவைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அக்கா, ஹாஜியாருக்குக் கல்யாணமாம்லா?"

"ஆமா."

"நீங்கதானே அந்தம்மாவைக் குளிப்பாட்டுனீங்க. ஒண்ணும் பாக்கலையா?"

லாத்தா கொடியில் கிடந்த துணியை உதறிப் போட்டாள்.

"நான் அந்த வீட்டு ஜாக்கெட்டு, பாவாடையெல்லாம் துவைச்சவக்கா. ரத்தக்கறை எது, வெத்தலைக்கறை எதுன்னு எனக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னா, துணி துவைக்கிறவ, வேற சாமி கும்பிடறவன்னு உங்க ஆளுங்க காதுலயே போட்டுக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. ஏன் சும்மா இருக்கீங்க?"

லாத்தாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "எங்க மையித்தைப் பத்தி நீ பேசாதே! எங்க மார்க்கத்துல எதை மறைக்கணும், எதைச் சொல்லணும்னு நீ எனக்குக் கத்துக் குடுக்கறியா? போடி" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நல்லம்மாள் திரும்பி நடந்தாள்.

லாத்தா உட்கார்ந்தாள். பிறகு குழாயடிக்குப் போனாள். ஒளு செய்துவிட்டு வந்து நின்றாள், முகம் அப்படியே இருந்தது. மறுபடி போனாள். மூன்றாவது தடவை போனவள் திரும்பவே இல்லை. நான் போய்ப் பார்த்தால் ஈரத் தரையில் குந்தியிருந்தாள்.

"போகலை, ஜெய்த்தூன். மூணு ஒளு. போகலை" என்றாள். "ஷைத்தானோடதா இருந்தா தண்ணி பட்டதும் போயிருக்கணும். இது வேற எங்கேருந்தோ வருது."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் எந்தப் பக்கம் போகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் போனால் என்னையும் கூப்பிடுவாள் என்றும் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் வழக்கம்போல மன்னிப்புக் கேட்க நல்லம்மாள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நல்லம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்கிட்ட எதுக்குக்கா மன்னிப்பு? எனக்கு ஏச்சு பழக்கம்தான். கேக்கறதா இருந்தா அந்தச் சின்னப் பொண்ணுகிட்டப் போய்க் கேளுங்க" என்றாள்.

லாத்தா அங்கிருந்து நேரே லெப்பையிடம் போனாள். அவர் அஸர் தொழுகை முடித்து சூராவ் வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னாள். அவர் பதறினார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! மையித்தோட குறையை மறைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அடி வாங்கினது ரொகையாவோட குறையா, லெப்பை?"

"பெரிய மனுஷன் வீட்டு விஷயம். ஜமாத்துக்கே மலு, வெட்கக்கேடு."

"போன ரமலான்ல நீங்கதானே பயான் பண்ணினீங்க? ஒரு பொம்பளை, இந்த ஆளைக் கட்டிக்கவான்னு யோசனை கேட்டு வந்தப்ப, அவர் தோள்லேருந்து கம்பை இறக்காதவர்னு ரசூலுல்லாவே சொல்லி அனுப்பினாங்கன்னு. நான் பின்னாடி உக்காந்து கேட்டேனே."

"அது வேற, லாத்தா."

"எது வேற?"

"உங்களுக்குக் கோபம் வந்திருக்கு. போய் ஒளு செய்ங்க."

"செஞ்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். வியாழக்கிழமை காலையில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். சுல்தான் சட்டை போட்டுக்கொண்டே, "போறதுன்னா போ. வாயை மட்டும் தொறக்காதே. நான் நாளைக்கு அந்தக் கடைக்குள்ளதான் நுழையணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ரோட்டிலிருந்து உள்ளே அரை மைல் நடை. பால் வெட்டாமல் விட்ட மரங்கள், ஓரத்தில் பழைய ஒட்டுப்பால் நாற்றம். காசிம் வீட்டு முன்னால் படுதா கட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்து வரவேற்றார்கள். லாத்தா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். முதுகைச் சொன்னாள், கையைச் சொன்னாள். "அன்னிக்கு நீ கேட்டப்ப நான் மறைச்சேன், காசிம். தப்பு என்னோடது. அல்லாஹ் மன்னிக்கட்டும், நீயும் மன்னி" என்று முடித்தாள். அவள் மெல்லப் பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

காசிம் பாய்ந்துவிட்டார். "வீடு தேடி வந்து கேட்டேன்! அப்ப வாயில என்ன இருந்துச்சு? சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன், நாளைக்குக் கல்யாணம், இப்ப வந்து சூசா பண்ணிக் கெடுக்கறீங்க! நீங்க சொல்றது நெசம்னு யாரு சொல்றது? வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"ஜெய்த்தூன் கூட இருந்தா. தண்ணி ஊத்தினது அவதான்."

வெங்காயக் கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஜவுளிக்கடையும், கையில் அளவுகோலோடு சுல்தானும் கண்முன் வந்தார்கள்.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்லை" என்றேன்.

இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. ஞாபகம் இல்லையாம்! எந்தத் தடம் எந்தத் தடத்தின் மேல் ஏறியிருந்தது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். லாத்தா என்னைப் பார்த்தாள். ரொகையாவின் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். 

உள்ளேயிருந்து உம்மு ஹபீபா வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி அப்பியிருந்தது, விரலை விரித்தபடி நின்றாள்.

"அத்தா, ரெண்டு பஸ் மாறி வந்து, தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கிட்டு, பொய் சொல்ல இவங்களுக்கு என்ன வந்துச்சு? நான் மாட்டேன்" என்றாள். "கட்டாயப்படுத்தினா, நாளைக்கு நிக்காஹ் செஞ்சு வைக்க வர்ற இமாம்கிட்ட நானே சொல்லுவேன்."

கல்யாணம் நின்றது. என்னால் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இருந்த நெஞ்சு, முப்பத்தைந்து வயதில் எனக்கு இல்லாமல் போனது.

ஜமாத் விடுமா? குடும்பம் கெடுத்தவள் என்றார்கள். மையித்தின் மானத்தை ஏலம் போட்டவள் என்றார்கள். கூட இருந்தவளே பார்க்கவில்லை என்கிறாள், இவள் மட்டும் எப்படிப் பார்த்தாள் என்று என்னையே எடுத்து அவள் தலையில் அடித்தார்கள். ஹாஜியார், "அல்லாஹ் அவங்களை மன்னிக்கட்டும்" என்று மெல்லச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தார்கள். மையித்துக் குளிப்பாட்ட லாத்தாவை யாரும் கூப்பிடவில்லை. ஒன்பது வருஷம். என்னைக் கூப்பிட்டார்கள், நானும் வெட்கமில்லாமல் போனேன். கல்யாணம் நின்ற மறு வருஷம் ஹாஜியார் இந்தியாவுக்குப் போய், விசாரிக்க ஆள் இல்லாத ஊரிலிருந்து பரக்கத் நிஷா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டையில்தான் அவளைப் பார்க்கலாம். லாத்தா இரண்டு தடவை அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாக வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தாள். "உன்மேல கோபப்பட்டு ஒளு செஞ்சு ஒளு செஞ்சு என் காலெல்லாம் தண்ணிப்புண்ணு வந்துருச்சுடி" என்றாள். நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நான் மன்னிச்சுட்டேன். ஆனா எங்கிட்ட சொல்லி என்ன? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு" என்றாள்.

சொல்லவில்லை. சுல்தானுக்குக் கடை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மகளுக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகச் சாக்கு வைத்திருந்தேன். தொழுதேன், நோன்பு வைத்தேன், தஸ்பீஹ் மணி உருட்டினேன். தொழுகை முடிந்து வலப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது லாத்தா வீட்டுச் சுவர்தான் முகத்துக்கு நேரே இருக்கும். என் ஈமானின் லட்சணம் இவ்வளவுதான் என்று அந்தச் சுவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் சர்க்கரை வியாதியில் லாத்தா போனாள். நான்தான் குளிப்பாட்டினேன். அவள் உடம்பில் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. கால் விரலிடுக்கில் ஆறாத தண்ணிப்புண் மட்டும் இருந்தது. விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். அங்கே தண்ணீரை மெல்ல விட்டேன். முடிந்ததும் குழாயடியில் நின்றேன். கண்ணைக் கழுவச் சொல்ல ஆள் இல்லை. கழுவாமல் வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் அந்தக் கூட்டம். முன்னால் ஆண்கள், பின்னால் நெஞ்சு உயரத்துக்குப் பச்சைத் திரை, திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். பரக்கத் நிஷா என் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் பேசி முடித்தார்கள். நாலாவதாக எழுந்தவர் ஹாஜி அப்துல் வதூது. அதே மெல்லிய குரல்.

"மர்ஹூமா பல்கீசு பீவி பொறுமைசாலி. இடையில் ஒரு தடவை கோபத்தில் நாக்கு தவறினாலும், அதை உணர்ந்து, கடைசி ஒன்பது வருஷம் நாவை அடக்கி வாழ்ந்த நல்ல பெண்மணி. நாம் அவர்களை மன்னிப்போம்."

மன்னிப்பாராம்! அவர் மன்னிப்பாராம்! நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது எனக்கே தெரிந்தது.

"நானும் பார்த்தேன்" என்றேன். என் குரல் லாத்தா குரல்போலக் கிழிந்து வந்தது. "ரொகையா முதுகுல இடுப்புவார்த் தடம், தோள்லேருந்து இடுப்பு வரைக்கும். வலது கை ஒடைஞ்சு கோணிப் போயிருந்துச்சு. தண்ணி ஊத்தினது நான். லாத்தா சொன்னது அத்தனையும் நெசம். ஞாபகம் இல்லைன்னு நான்தான் பொய் சொன்னேன்."

திரைக்கு அந்தப் பக்கம் சுல்தான் இருமினார். எனக்கு மட்டும் தெரிந்த இருமல் அது. லெப்பை வேகமாக எழுந்தார்.

"ஜெய்த்தூன், உட்காரும்மா. மௌத்தான இடத்துல கோபமாப் பேசக் கூடாது. போய் ஒளு செஞ்சுட்டு வா."

"ஒளுவோடதான் நிக்கிறேன், லெப்பை" என்றேன்.

 ஹாஜியார் சிரித்த முகத்தோடு எல்லாரையும் பார்த்து, "பாவம், கூட்டாளி போன துக்கம்" என்றார். சில தலைகள் ஆடின. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நானும் ஒரு பைத்தியக்காரி என்று முடித்து, பாத்திஹா ஓதியிருப்பார்கள்.

பக்கத்தில் துணி உரசுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். பரக்கத் நிஷா எழுந்து நின்றாள்.  சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை சுருட்டி, கோணிக் கூடியிருந்த அந்தக் கையைத் திரைக்கு மேலே நீட்டினாள்.